மார்கழியில் மாம்பழ வாசனை

போன மார்கழியில் சென்னைக்குக் கண் பரிசோதனைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். துணைக்கு என் தங்கை மகன் வந்திருந்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறான், வருடத்துக்கு இரண்டு தரம் ஐரோப்பா போய் வருபவன். பகல் வண்டி, ஏசி உட்காரும் பெட்டி. வாலாஜா ரோடு தாண்டியதும் திடீரென்று மாம்பழ வாசனை. பங்கனபள்ளி பழுத்து வெடித்தாற்போல அப்படி ஒரு வாசனை. முன் சீட்டில் இருந்த சின்னப் பெண் "அம்மா, மாம்பழம்" என்றது. அவள் அம்மா "இப்ப ஏதுடி மாம்பழம்?" என்றாள். எதிர்ச் சாரியில் இருந்த பெரியவர் மேலே சாமான் பலகையை அண்ணாந்து பார்த்தார், யாராவது கூடை வைத்திருக்கிறார்களா என்று. நானும் பார்த்தேன்.

காட்பாடி நெருங்கும்போது மறுபடி வாசனை வந்தது. இந்தத் தடவை எங்கிருந்து என்று தெரிந்துவிட்டது. என் பக்கத்திலிருந்தே. மருமகன் வாயை உள்ளங்கையால் மூடி இருமுவதுபோல பாவனை செய்துகொண்டிருந்தான். கைக்குள் பேனா மாதிரி ஒன்று.

"என்னப்பா அது?"

"ஒண்ணுமில்ல மாமா. வேப். புகை இல்ல, ஆவிதான். யாருக்கும் தொந்தரவு இல்ல."

"தொந்தரவு இல்லேன்னா ஏன் மறைக்கிறே?"

பதில் இல்லை. ஆம்பூர் வரை போனைப் பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்தபிறகும் அந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் கோப்பு புரட்டியவனுக்கு ஒரு விஷயம் கிடைத்தால் அதன் பூர்வோத்தரம் பார்க்காமல் தூக்கம் வராது. நானே முப்பது வருடத்துக்கு மேல் சிகரெட் பிடித்தவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் சுருட்டைக் குடிப்போம், பீடியை வலிப்போம், சிகரெட்டைப் பிடிப்போம் அல்லது ஊதுவோம், பொடியைப் போடுவோம், வெற்றிலைப் புகையிலையை அடக்குவோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை. இந்தப் புதுச் சாமானுக்கு இன்னும் வினை அமையவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 'வப்போத்தே' என்று தனி வினைச்சொல்லே உண்டாக்கிவிட்டார்கள். ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் 2014-ல் 'வேப்' என்பதையே ஆண்டின் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். நாம் 'மின் சிகரெட்' என்கிறோம், சட்டத்திலும் அதுதான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். புகையிலைக்கும் பிரெஞ்சுக்கும் உள்ள உறவை எங்கள் வாத்தியார் பெருமையாகச் சொல்வார். ழான் நிக்கோ என்பவர் போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்தார். 1560-ல் லிஸ்பனிலிருந்து புகையிலையை அரசி காத்ரின் தெ மெடிசிக்கு அனுப்பி, தலைவலிக்கு நல்லது என்று சிபாரிசும் செய்தார். நிக்கோட்டின் என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததுதான். அதே மனிதர் ஒரு பிரெஞ்சு அகராதியும் தொகுத்தார், அவர் இறந்தபின் 1606-ல் அது வெளிவந்தது. "அகராதிக்காக நினைவில் இருக்கவேண்டியவர், விஷத்துக்காக நினைவில் இருக்கிறார்" என்பார் வாத்தியார். சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய், மக்காச்சோளத் தாளில் சுற்றிய மஞ்சள் ழித்தான் ஒன்றைப் பற்ற வைப்பார்.

அந்த வாத்தியார்தான் உரையாடல் வகுப்பில் எங்களுக்கு ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்தார். 'லா ஃப்யுமே நெ வூ தெரான்ழ் பா, மதாம்?' புகை உங்களுக்குத் தொந்தரவாக இல்லையே, அம்மா? ரயிலிலோ காப்பிக்கடையிலோ பக்கத்தில் ஒரு பெண்மணி இருந்தால் இதைக் கேட்காமல் பற்ற வைப்பவன் காட்டான் என்றார். பத்து வயதுப் பையன்கள் நாற்பது பேர் கோரஸாகச் சொன்னோம். பாடத்தில் மதாம் சொல்லவேண்டிய பதில் ஒன்றே ஒன்றுதான்: 'பா து தூ, முஸ்யே.' இல்லவே இல்லை, ஐயா. தொந்தரவுதான் என்று சொல்ல அந்த மதாமுக்குப் பாடத்தில் ஒரு வரி இருக்கவில்லை. இது அப்போது எனக்குத் தோன்றவில்லை. நாற்பது வருடம் கழித்துத்தான் தோன்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் பக்கம் புகையிலையைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். வந்த வேகத்தில் ஊரோடு ஒட்டிக்கொண்டது. ஜஹாங்கீர் 1617-ல் தடை போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. தமிழில் சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனுக்குப் புகையிலையையே தூது அனுப்பி ஒரு நூல் எழுதிவிட்டார். 'புகையிலை விடு தூது' என்ற அந்த நூலை 1939-ல் உ.வே.சா. பதிப்பித்தார். அன்னத்தையும் கிளியையும் தூது அனுப்பிய மொழியில் புகையிலைக்கும் அந்த மரியாதை கிடைத்தது. நாம் அனுப்பிய சுருட்டு ஆங்கிலத்தில் 'செரூட்' ஆகி, திருச்சி, திண்டுக்கல் பெயர்களை லண்டன் வரை கொண்டுபோனது.

புகைக்கு ஆசாரம் என்று ஒன்று இருந்தது ஹூக்கா காலத்தில். ஆற்காட்டு நவாப் தர்பாரிலும் சரி, அன்றைய கம்பெனி துரைகள் வீட்டிலும் சரி, ஹூக்காவைத் தூக்கி வர, தணல் போட, குழாயைப் பிடித்துக் கொடுக்க என்று தனி ஆள் இருப்பான். ஹூக்காபர்தார் என்று பெயர். 1779-ல் கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதி கொடுத்த விருந்து அழைப்பில், ஹூக்காபர்தாரைத் தவிர வேறு வேலையாட்களை அழைத்து வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய ஹூக்கா விரிப்பைத் தாண்டி நடப்பது அவரை அவமதிப்பது. மேல்விஷாரத்திலும் பேரணாம்பட்டிலும் பழைய தோல் வியாபாரிகள் வீட்டுத் திண்ணைகளில் பித்தளை ஹூக்காக்களை நானே பார்த்திருக்கிறேன், அலங்காரப் பொருளாக.

பீடிக்கு அந்த மாதிரி ஆசாரம் கிடையாது, ஆனால் அதற்கும் ஒழுங்கு உண்டு. எங்கள் ஜில்லா தோலுக்குப் பேர்போனது என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆண்கள் தோலுக்குப் போனால் பெண்கள் பீடிக்கு என்பதுதான் குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் சந்துகளின் வாழ்க்கை. முறத்தை மடியில் வைத்து, இலையைத் தகட்டு அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்கி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1976-ல் நல நிதிச் சட்டம் வந்தது, அடையாள அட்டை வந்தது. அந்த அட்டைக்காக மனு எழுதிக்கொடுத்தே என் கைவிரல் தேய்ந்திருக்கிறது. அந்தப் பெண்களில் ஒருவர்கூடப் பீடி வலித்து நான் பார்த்ததில்லை. ஆனால் தூள் காற்றில்தான் அவர்கள் சமையல், அவர்கள் குழந்தையின் தூளி, அவர்கள் தூக்கம் எல்லாம். தொந்தரவாக இல்லையே என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

ஒழுங்கு என்றேனே, அது இதுதான். பெரியவர் எதிரே வந்தால் பற்றிய பீடியை உள்ளங்கைக்குள் மறைப்பது. சுட்டாலும் பரவாயில்லை. ஐம்பது வயது மேஸ்திரி, பேரன் பேத்தி எடுத்தவர், எண்பது வயது முதலாளியைக் கண்டதும் பீடியைக் குவித்த கைக்குள் அடக்கிக்கொண்டு பேசியதை ஒரு தோல்ஷாப் வாசலில் பார்த்தேன். விரலிடுக்கில் புகை வந்துகொண்டிருந்தது. முதலாளிக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். இருவரும் ஆவாரம் பட்டை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நெருப்புக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. பெட்டிக்கடையில் கயிறு கனிந்துகொண்டு தொங்கும். கடை இல்லாத இடத்தில் வழிப்போக்கரிடம் "அண்ணே, நெருப்பு" என்று கேட்டால் மறுக்கமாட்டார்கள். ஆனால் யார் யாரிடம் கேட்டார்கள் என்று பார்க்கவேண்டும். தோல்ஷாப் ஆளின் பீடி முனையில் தன் பீடியை ஒட்டிப் பற்ற வைக்காமல், "தீப்பெட்டியைக் கீழே வை" என்று சொன்ன ஊர்ப் பெரிய மனிதர்களையும் இதே கண்ணால் பார்த்தேன்.

அதைச் சொல்லிவிட்டு என் விஷயத்தை மறைத்தால் நியாயமில்லை.

1973-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். சில வருடம் கழித்து ஒரு தாலுகா அலுவலகத்துக்கு மாற்றினார்கள். எந்த ஊர் என்று வேண்டாம். வருமானச் சான்று, சாதிச் சான்றுக்குத் தோல்ஷாப் ஆட்கள் வேலை முடிந்து நேராக வருவார்கள். சுண்ணாம்புக் குழியில் நாள் முழுக்க நின்ற உடம்பு. வாடை வரத்தான் செய்யும். எங்கள் தலைமை எழுத்தர் அவர்கள் கவுண்ட்டர் பக்கம் வந்ததும் ஒரு சார்மினாரைப் பற்ற வைப்பார். ஒரு வார்த்தையும் பேசமாட்டார். நெருப்புக்குச்சியை உதறிவிட்டு, அவர்கள் முகத்துக்கும் தன் முகத்துக்கும் நடுவில் ஒரு புகைத் திரை விடுவார். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியும். பின்னால் நகர்ந்து வாசற்படியில் நின்றுகொள்வார்கள். ஆறு மாதத்தில் எனக்கும் அந்தப் பழக்கம் வந்தது. மதாமிடம் அனுமதி கேட்கப் படித்தவன் நான். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒருவர் மட்டும், வயதானவர், ஒரு தடவை சொன்னார்: "ஐயா, சிகரெட் வாசன நல்லாக்கீது. எங்க வாசனைக்கு மூணு பசங்க படிக்குது." கோபமாகச் சொல்லவில்லை. நான் சான்றிதழில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு அடுத்த மனுவைக் கூப்பிட்டேன்.

இன்றும் வண்டி ஆம்பூரையோ வாணியம்பாடியையோ கடக்கும்போது மூக்கைப் பொத்தும் பயணிகளைப் பார்க்கும்போது அந்தக் கிழவர் நினைவு வரும். இந்த ஊர்க்காரர்கள் அதைக் கவனிக்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மூக்கைப் பொத்துவதிலும் நாகரிகக் குறைவு உண்டு என்று நினைக்கிறேன். வாசனையை விடுகிறவருக்கும் பொத்துகிறவருக்கும் நடுவில் எது நியாயம் என்பது அவ்வளவு எளிதான கணக்கில்லை.

ரயில் என்றதும் சட்டம் ஞாபகம் வருகிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து எங்கள் வாலாஜா ரோட்டுக்குத்தான் ஓடியது. மாம்பழ வாசனை வந்த அதே பாதை. 1890-ம் வருட ரயில்வே சட்டத்தின் 110-வது பிரிவு என்ன சொன்னது தெரியுமா? புகைப்பதற்கென்று ஒதுக்கப்படாத பெட்டியில், உடன் பயணிப்பவர்களின் சம்மதம் இல்லாமல் ஒருவர் புகைத்தால் இருபது ரூபாய் வரை அபராதம். ரயில்வே ஊழியர் எச்சரித்தும் விடாமல் புகைத்தால் வண்டியிலிருந்தே இறக்கிவிடலாம். 1890-ல் இருபது ரூபாய் என்றால் ஒரு சிப்பந்தியின் மாதச் சம்பளத்துக்குக் குறையாது.

இதற்குப் பதிலாக 1989-ல் புதிய ரயில்வே சட்டம் வந்தது. அதில் 167-வது பிரிவு. பெட்டியில் இருக்கும் வேறொரு பயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது, மீறினால் நூறு ரூபாய் வரை. ரயில்வே நிர்வாகம் வேண்டுமானால் முழு வண்டியிலும் தடை செய்யலாம் என்ற உட்பிரிவும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். கோப்பு பார்த்துப் பழகிய கண்ணுக்கு வித்தியாசம் உடனே தெரியும். வெள்ளைக்காரன் சட்டத்தில் புகைப்பவன் கேட்கவேண்டும். மற்றவர் பேசாமல் இருந்தால் சம்மதம் இல்லை என்று அர்த்தம். சுதந்திர இந்தியாவின் சட்டத்தில் புகைப்பவன் கேட்கவேண்டியதில்லை. மற்றவர் வாயைத் திறந்து ஆட்சேபிக்கவேண்டும், பேசாமல் இருந்தால் சம்மதம். நூறு வருடத்தில் பாரம் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறிவிட்டது. நடைமுறையில் இரண்டு பிரிவையும் எவரும் படித்ததில்லை என்பது வேறு. நான் போய்வந்த காட்பாடி–ஜோலார்பேட்டை பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு வலிக்கும் உரிமை உண்டு, நடுவில் உட்கார்ந்தவர் கதவுப் பக்கம் போகவேண்டும், இதுதான் சட்டம். கைக்குழந்தை இருந்தால் ஜன்னல்காரரும் எழுந்து போவார். போகாவிட்டால் யாராவது ஒரு கிழவி "ஏம்ப்பா, பச்ச மண்ணு இருக்குதில்ல" என்பாள். அந்தக் கிழவிக்கு 110-வது பிரிவு தெரியாது.

ஆட்சேபிக்க முடிந்தவர்கள் கிழவிகள் மட்டும்தான் என்பதுதான் விஷயமே.

1990-ல் நான் வேறு ஓர் அலுவலகத்தில் உதவியாளர். எங்கள் பிரிவுக்கு ஒரு தட்டச்சர் வந்தார், முப்பது வயதைத் தாண்டிய பெண்மணி. என் மேசைக்கு எதிர் மேசை. அறையில் எட்டுப் பேர், அதில் ஐந்து பேர் புகைப்பவர்கள். சுவரெல்லாம் தேன் நிறம். மற்ற நால்வரும் நினைத்தபோது பற்ற வைப்பார்கள். நான் அப்படியில்லை. பிரெஞ்சு வாத்தியாரின் மாணவன். பெட்டியைத் திறக்கும் முன் ஒவ்வொரு தடவையும் "ஆட்சேபணை இல்லையேம்மா?" என்பேன். அவர் தட்டச்சிலிருந்து தலை நிமிர்த்தாமல் "பரவாயில்ல சார்" என்பார். ஒரு நாளைக்கு ஆறு தரமாவது இருக்கும். அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பற்ற வைக்கும் ஒரே மனிதன் நான் என்று உள்ளூர ஒரு கர்வம். வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு நடுவில் நாட்டில் இரண்டு மூன்று விஷயங்கள் நடந்தன. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கு. கெடுத்தவரே ஈடு கட்டவேண்டும் என்பதும், கெடுதல் வராது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்பவருடையது என்பதும் அந்தத் தீர்ப்பால் இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக ஏறின. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இன்று சட்டக் கல்லூரியில் வேலூர் என்றால் கோட்டை இல்லை, இந்தத் தீர்ப்புதான். எங்கள் அலுவலகத்தில் அதைப் பற்றி வாரக்கணக்கில் காரசாரமாகப் பேசினோம். பொதுத் தண்ணீரைக் கெடுக்க இவர்களுக்கு என்ன உரிமை என்று நான் மேசையைத் தட்டிக் கேட்டேன். கையில் சிகரெட் இருந்தது.

1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒரு கல்லூரிப் பேராசிரியையும் உண்டு. பிறகு 2001 நவம்பர் 2 அன்று முரளி தேவரா வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், பொது அலுவலகம், ரயில் உட்பட பொது வாகனங்கள் எல்லாவற்றிலும் புகைக்கத் தடை என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. புகைக்காதவன் ஏன் புகைப்பவனின் நோயை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் சாரம். ஐந்து வருடத்துக்கு முன் தண்ணீருக்குச் சொன்னதைக் காற்றுக்கும் சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டது வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான். அன்று பகலில் எரிச்சல்தான் வந்தது.

எங்கள் அலுவலகத்துக்குச் சுற்றறிக்கை வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வழக்கம்போல் அதை அந்த அம்மாவிடம்தான் நகல் எடுக்கக் கொடுத்தார்கள். கார்பன் வைத்து ஆறு பிரதி அடித்தார். பிரதியை என் மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"சார், இனிமே நீங்க என்னக் கேக்கவேணாம் இல்ல?"

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துகொண்டார். நான் கேட்டது மரியாதை என்று பதினொரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது ஒரு நாளைக்கு ஆறு தடவை பொய் சொல்லவேண்டிய வேலை. கேட்காமல் பற்ற வைத்த நால்வர் அவர் மூச்சை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள். நான் அவர் வாயால் சம்மதத்தையும் வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் மாநிலச் சட்டம் வந்தது, புகைபிடித்தலையும் எச்சில் துப்புதலையும் ஒரே தலைப்பில் போட்டு. (இரண்டையும் ஒன்றாக வைத்ததில் எங்களுக்கெல்லாம் மனத்தாங்கல். புகை எங்கே, எச்சில் எங்கே!) 2003-ல் மத்திய சட்டம். 2008-ல் அதன் கீழ் புது விதிகள், அமலுக்கு வந்தது காந்தி ஜயந்தி அன்று, அபராதம் இருநூறு ரூபாய் வரை. அலுவலக வாசலில் அறுபது சென்டிமீட்டருக்கு முப்பது சென்டிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணியில் பலகை வைக்கவேண்டும் என்று விதி. அதற்கு மூன்று விலைப்புள்ளி வாங்கிக் கோப்பு போட்டது நான். அதற்குள் நானே விட்டுவிட்டிருந்தேன். டாக்டர் சொன்னார், விட்டேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

உண்மையில் தோல், ஷூ கம்பெனிகளில் இந்தப் பலகை சட்டத்துக்கு ரொம்ப முன்பே இருந்தது. 1970-களில் அரைப் பதனிட்ட தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியபின் இங்கேயே மெருகேற்றி, செருப்பாக்கி அனுப்ப ஆரம்பித்தார்கள். லாக்கர் தெளிக்கும் அறை, பசை தடவும் மேசை, கரைப்பான் டின்கள். ஒரு பொறி போதும். அங்கே யாரும் மரியாதையைப் பற்றிப் பேசவில்லை, நெருப்பைப் பற்றித்தான் பேசினார்கள். ஆகவே புகைப்பவர்கள் வெளி கேட்டுக்குப் போய் டீக்கடை பக்கம் நின்று வலித்தார்கள். எவரும் குறை சொல்லவில்லை.

இப்போது மருமகனின் பேனாவுக்கு வருவோம். ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர் 2003 வாக்கில் உருவாக்கியது. அவர் தந்தை நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். சிகரெட்டை விடுவதற்கு வழி என்றுதான் ஆரம்பம். உள்ளே நிக்கோட்டின், புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைச் சரக்கு. சூடேறி வெளியே வருவது ஆவி என்று சொன்னாலும் இட்லிப் பானை ஆவி இல்லை அது. நுண்ணிய துளிகள், அதில் நிக்கோட்டினும் உண்டு, பக்கத்தில் இருப்பவர் மூச்சிலும் போகும். தமிழ்நாடு 2018-ல் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18-ல் அவசரச் சட்டம் கொண்டுவந்து, டிசம்பரில் அதைச் சட்டமாக்கியது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் அல்லது ஐம்பதாயிரம். பிரிவுகளை இரண்டு தடவை படித்தேன். 'பயன்படுத்துதல்' என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. பீடிக்கும் சிகரெட்டுக்கும் பொது இடம் எது, தனி இடம் எது என்று விதி இருக்கிறது. இதற்கு இடமே கிடையாது. கடையில் விற்கக் கூடாத பொருளை எந்த இடத்தில் எப்படி ஊதவேண்டும் என்று எந்த விதி சொல்லும்?

என் அக்காள் குடும்பம் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறது. அங்கே நிலைமை வேறு. கடை வைத்து விற்கிறார்கள். 2017 அக்டோபர் முதல் பள்ளிக்கூடங்களிலும், மூடிய பொது வாகனங்களிலும், பலர் சேர்ந்து வேலை செய்யும் மூடிய அறைகளிலும் ஊதக்கூடாது என்று விதி. மற்ற இடத்தில் பக்கத்து ஆளைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஒரு தடவை ஊதித் தூக்கிப்போடும் வகையை மட்டும் 2025-ல் தடை செய்துவிட்டார்கள், பள்ளிப் பிள்ளைகள் கையில் அதிகமாகிவிட்டதாம். போனில் அக்காள் மகனைக் கேட்டேன், இப்போதும் அந்த வாக்கியம் சொல்கிறார்களா என்று. சிரித்தான். "யாரு மாமா கேக்கறாங்க? வாசல்ல போய் ஊதிட்டு வருவாங்க."

கேட்பது போய்விட்டது. அது நல்லதா கெட்டதா என்றால், என் எதிர் மேசை அம்மாவைக் கேட்டால் நல்லது என்பார், நானும் ஒப்புக்கொள்வேன். எழுந்து வெளியே போகிறவன் எவருடைய வாயிலிருந்தும் பொய்யை வரவழைப்பதில்லை. ஆனால் மருமகன் எழுந்தும் போகவில்லை, கேட்கவும் இல்லை. திருட்டுத்தனமாக ஊதி மாம்பழத்தின் மேல் பழியைப் போட்டான். அந்தப் பெண் குழந்தை காட்பாடி வரைக்கும் மாம்பழம் வேண்டும் என்று அழுதது. இதையெல்லாம் பொங்கலன்று அவனிடம் சொன்னேன். மேஸ்திரி கதையைச் சொன்னதும், "அப்ப அவரும் மறைச்சாரே மாமா, அது மட்டும் மரியாதையா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. மேஸ்திரி மறைத்தாலும் புகை விரலிடுக்கில் தெரிந்தது, யார் விட்டார்கள் என்று எவருக்கும் சந்தேகம் இல்லை, நீ கண்டுபிடிக்க முடியாதபடி மறைத்தாய் என்றேன். அவன் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அம்மாவின் கதையைச் சொல்லும்போது குறுக்கிடாமல் கேட்டான். "அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றான்.

அவரைப் பார்த்தேன், மூன்று வருடத்துக்கு முன்னால். கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணல். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி, அகவிலைப்படி எல்லாம் பேசினோம். சொல்லவேண்டும் என்று வருடக்கணக்கில் நினைத்திருந்ததை அன்று ஒருவழியாகச் சொன்னேன். அந்தப் பதினொரு வருடத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா என்றேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை "பரவாயில்ல சார்" என்று வரவில்லை. ஓய்வூதியப் புத்தகத்தைப் பிடித்திருந்த என் வலது கையைக் குனிந்து பார்த்தார்.

"வெரல்ல அந்த மஞ்சக் கற போயிடுச்சே சார்" என்றார். அதற்குள் அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.